வானூர்திச் சங்கம் மதுரைக்கு வேண்டும்

மக்கள் உள்ளத்தெழும் ஆசைகளுள் மிகத் தொன்மையானவை சில. பறவையைப்போல வானிற் செல்ல வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நம் தமிழ் நூல்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், ஏமாங்கத நாட்டு மன்னனாகிய சச்சந்தன் தனக்கு வரவிருக்குங் கேட்டினை உணர்ந்து, மயில் வடிவாகிய பொறியொன்றைச் செய்வித்து, அதனைச் செலுத்தும் முறையைத் தன் தேவி விசயைக்குப் பயிற்றுவிக்கின்றான். பொறியை வலமாகத் திரித்தால் அது மேலெழும்; இடமாகத் திரித்தால் கீழிறங்கும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்ட நாளில், கருவுற்றிருந்த தேவியின் உயிரைக் காத்தது அப்பொறியே. இக்கதையைத் தமிழ் பயிலும் மாணாக்கர் வகுப்பிற் கற்கின்றனர், தேர்விலும் எழுதுகின்றனர், நம் முன்னோர்தம் கற்பனைத் திறத்தை எண்ணிப் பெருமிதமும் அடைகின்றனர்.

ஆயினும் ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அம்மயிற்பொறியைப்பற்றிப் பேசுவோர் அரசனை நினைக்கின்றனர், அரசிக்கு இரங்குகின்றனர், புலவரைப் போற்றுகின்றனர். பொறியைச் செய்த தச்சனை நினைப்பார் எத்துணைப் பேர்? கற்பனைப் பொறியேயாயினும், அதனை ஒரு கைவினைஞன் கையினாலன்றிப் புலவர் பறக்கவிடவில்லை. நாமோ பாட்டினை மட்டும் கைக்கொண்டு கைவினைஞனைக் கைவிட்டோம். வானூர்தி எம்மவர்க்குப் புதிதன்று என்று மேடையேறி முழங்குவதோடு நம் கடன் தீர்ந்ததென்று எண்ணுகின்றோம். வைமானிக சாத்திரம் என்னும் வடமொழி நூலைச் சான்றாக எடுத்துக் காட்டுவாரும் உளர். 1974ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து ஆராய்ச்சியாளர் ஐவர் அந்நூலை நன்கு ஆராய்ந்து, அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததேயென்றும், அதிற் கூறப்பட்ட கலங்கள் பறக்கும் இயல்பின அல்லவென்றும் முடிவு கூறினர். பழம்பெருமை பேசுவதால் ஒரு சாண் உயரமும் எழ முடியாது என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதுவே: நூல் கற்றாரும் பட்டறைத் தொழிலாளரும் ஒரு பலகையில் அமர்ந்து, வானூர்திக் கலையைப் பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் வளர்க்கத்தக்க ஒரு சங்கம் நம் மதுரைமாநகரில் தோன்றவேண்டும். இது வெற்றுக் கனவென்று நகைப்பார் நகைக்கட்டும். பிறநாட்டார் செய்ததனையும் நம் நாட்டார் செய்ததனையும் அவர் சற்றே பொறுமையுடன் கேட்பாராக.

அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாகாணத்தில், 1953ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பால் பொபரஸ்னி என்பாரும் அவர்தம் நண்பரும் கூடிச் சோதனை வானூர்திச் சங்கம் ஒன்றை நிறுவினர். தம் கையாலேயே சிறு வான்கலங்களைக் கட்டிப் பறக்க விரும்பினோரே அதன் உறுப்பினர். பல ஆண்டுகள்வரை பொபரஸ்னியின் வீட்டு நிலவறையே அதற்கு அலுவலகமாயிருந்தது. 1955ஆம் ஆண்டில் அவர் ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில், 800 டாலருக்குட்பட்ட செலவில் ஒருவர் அமரும் வானூர்தியை வீட்டிலேயே கட்டும் முறையை விளக்கி எழுதினார். அதனைப் படித்தோர் பலர் சங்கத்தை நாடி வந்தனர். இந்நாளில் அச்சங்கத்தின் உறுப்பினர் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 1970ஆம் ஆண்டு முதல் அதன் ஆண்டுவிழா ஆஷ்காஷ் என்னும் ஊரில் நடைபெற்று வருகின்றது. ஆயிரக்கணக்கான வான்கலங்கள் அங்கு வந்திறங்குகின்றன.

இச்சங்கத்தின் சிறப்பு அதன் உறுப்பினர் தொகையில் இல்லை. அவர் ஒருவர்க்கொருவர் ஆற்றும் உதவியில் உள்ளது. ஒருவன் தன் கொட்டகையில் இறகுச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருப்பான். துணி போர்த்தி அதனை மூடுமுன்னர், அநுபவம் மிக்க மற்றோர் உறுப்பினர் கூலி பெறாது வந்து, ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, ‘இவ்வாணி போதாது’, ‘இப்பசை இன்னும் உலரவில்லை’ என்று கூறிச் செல்வார். இங்கிலாந்திலும் 1946ஆம் ஆண்டில் இத்தகைய சங்கம் ஒன்று எழுந்தது; இன்று அது இலகுவானூர்திச் சங்கம் என வழங்குகின்றது. அதன் பரிசோதகர்கள் கட்டுமானத்தின் ஒவ்வொரு படியையும் நோக்கிக் கையொப்பமிட்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் கூடும். நட்பும் கட்டுப்பாடும் ஒருங்கே அமைந்த கூட்டம் இது.

இஃதெல்லாம் மேனாட்டார்க்கே உரியது, நமக்கு ஒவ்வாது என்பாரும் இருக்கலாம். அற்றன்று. நம் சென்னை மாநகரின் வரலாற்றை நோக்குமின். 1909ஆம் ஆண்டு ஜூலையில் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை வான்வழியே கடந்தார். அச்செய்தி கேட்டு உள்ளங்கிளர்ந்த ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், மௌண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த கார்சிகாத் தீவினர், தாமே ஒரு வானூர்தியை வரைந்தார். அதனைக் கட்டித் தந்தோர் யாவர்? வண்டி கட்டுந் தொழிலிற் பேர்பெற்ற சிம்ப்சன் தொழிற்சாலையினரே! 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது பல்லாவரத்தில் வானில் எழுந்தது; பின்னர்ப் பொதுமக்களுக்கும் காட்டப்பெற்றது. உலகின் முதல் வானஞ்சல் அலகாபாத்தில் பறந்த 1911 பிப்ரவரி 18ஆம் நாளுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே, தமிழ்நாட்டுப் பட்டறையில் உருவான கலம் தமிழ்நாட்டு வானிற் பறந்துவிட்டது. விடுதிக்காரர் ஒருவரும் வண்டித் தச்சர் சிலரும் கைகோத்ததன் விளைவன்றோ இது!

சங்கங்களும் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. 1927ஆம் ஆண்டில் இந்திய வானூர்திச் சங்கம் தோன்றிற்று. அதன்பின் பம்பாய், டில்லி, சென்னை முதலிய நகரங்களிலும் பறத்தற் பயிற்சிக் கழகங்கள் எழுந்தன. ஜே. ஆர். டி. தாதா 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1936ஆம் ஆண்டில் சரளா தக்ரால் என்னும் 21 வயது நங்கை லாகூர்க் கழகத்திற் பயின்று, புடவையுடுத்தபடியே ஜிப்சி மாத் விமானத்தைத் தனித்துச் செலுத்தினார். பெண்டிர்க்கு இஃது எட்டாக் கலையென்பார்க்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. இங்கிலாந்திற்கும் இந்தியாவிற்கும் இடையே தனித்துப் பறந்து செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்தார். 1930ஆம் ஆண்டில் தாதா கராச்சியினின்று மேற்கு நோக்கிப் புறப்பட்டார்; 17 வயது இளைஞராகிய ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். இருவரும் எகிப்து நாட்டில் எதிர்ப்பட்டனர். ஆஸ்பியின் இயந்திரத்திற்கு வேண்டிய ‘ஸ்பார்க் பிளக்’ என்னும் தீப்பொறிக் கருவி இல்லாமையால் அவர் அங்குத் தடைப்பட்டு நின்றார். போட்டியாளராகிய தாதா தம்மிடமிருந்தவற்றை எடுத்து அவருக்கு அளித்தார். ஆஸ்பி பரிசை வென்றார்; பிற்காலத்தில் இந்திய விமானப்படைத் தலைவராகவும் உயர்ந்தார். தாதா அதற்காக வருந்தினாரல்லர். தன் வெற்றியினும் தோழன் பயணம் பெரிதென்று எண்ணும் இப்பண்பே சங்கங்களுக்கு உயிர்.

இனி, இக்காலத்தில் நம் நாட்டிலேயே தம் கையால் வானூர்தி செய்தாரை நோக்குவோம். மும்பை விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மாடியிலேயே ஆறுபேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016ஆம் ஆண்டு கண்காட்சியில் மக்கள் அதனைக் கண்டு வியந்தனர். 2017ல் அது பதிவு செய்யப்பெற்றது. 2019ல் பறந்து பார்க்க அநுமதி கிடைத்தது. கேரளத்துத் தொடுபுழையைச் சார்ந்த சஜி தாமஸ், பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் வாய்க்கப்பெறாதவர். பள்ளிப் படிப்பையும் இடையில் விட்டவர். அவர் தாமே ஓர் இலகு வானூர்தியைச் செய்தார். 2014ஆம் ஆண்டில், நம் தென்பாண்டி நாட்டு அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாற்றில், விமானப்படையினின்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அக்கலத்தை ஓட்டிக் காட்டினார். கற்றறிந்த வலவர் கல்லாத கைவினைஞரைத் தேடித் துணைநின்றமையால் அவர்தம் உழைப்பு வானேறிற்று.

மற்றொரு செய்தியும் உண்டு. அதனைக் கூறுங்கால் எம் மனம் நடுங்குகின்றது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மகாராட்டிரத்து யவத்மால் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், உலோகப் பட்டறைத் தொழிலாளியாகிய 24 வயது இளைஞர் ஒருவர், தாமே செய்த ஹெலிகாப்டரைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தார். அதன் சுழல்தகடு உடைந்து தலையிற் பட்டு உயிர் துறந்தார். பள்ளிப் படிப்பை முடியாதவர். ஆயினும் அவர் கைத்திறமும் ஊக்கமும் எளியனவல்ல. வானூர்தியைச் செய்யும் எண்ணம் நாட்டில் இல்லாமலில்லை. அது சிற்றூர்க் கொட்டகைகளில் தனித்துத் தவிக்கின்றது. தொடுபுழைக் கைவினைஞருக்கு வாய்த்தது போன்ற துணை அனைவர்க்கும் வாய்க்க வழியென்ன? சங்கம் ஒன்றே வழி. ‘ஓட்டாதே, பொறு, இத்தகட்டினை முதலில் சோதிப்போம்’ என்று சொல்லும் நாவொன்று அருகிலிருப்பது, ஆயிரம் பாராட்டுரைகளினும் மேலானது.

கல்வியுடையார்க்கும் இத்துணை வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். பிரெஞ்சுநாட்டு ஆன்றி மிஞே என்பவர் 1933ஆம் ஆண்டில் ‘வானத்துப் பேன்’ என்னும் பெயரால் மிகச் சிறிய வானூர்தியொன்றைச் செய்து பறந்தார். பெட்டி அடிக்கத் தெரிந்தவன் இதனையும் செய்யலாம் என்ற கருத்தை நூலெழுதிப் பரப்பினார். நூற்றுக்கணக்கானோர் அதனைக் கட்டத் தொடங்கினர். 1935, 1936ஆம் ஆண்டுகளில் விபத்துக்கள் அடுத்தடுத்து நேர்ந்தன, பலர் மாண்டனர். பின்னர்க் கலத்தை முழுவடிவிலேயே காற்றுக் குகையில் வைத்து ஆராய்ந்தபோதுதான் குற்றம் புலப்பட்டது: மூக்குத் தாழ்ந்து இறங்குங்கால், முன்னிறகும் பின்னிறகும் காற்றோட்டத்தால் ஒன்றையொன்று பாதித்து, கலம் மேலும் தலைகீழாகச் சாயும், வலவன் எத்துணை முயன்றாலும் நிமிராது. ஊக்கம் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும் என்ற இப்பாடத்தை உயிர்விலை கொடுத்து மேனாட்டார் கற்றனர். அவ்விலையை நாமும் மறுமுறை கொடுப்பது அறிவுடைமையாகாது.

இனி, எதிர்ப்போர் கூறும் தடைகளை ஆராய்வோம். இது செல்வர் விளையாட்டு என்பர் முதலாவதாக. தனியொருவன் வாங்குங்கால் அது செல்வர் விளையாட்டே. இருபதுபேர் பகிர்ந்துகொள்ளுங்கால் அவ்வாறன்று. நூலகம் எழுமுன் நூலும் செல்வர் உடைமையாகவேயிருந்தது. மேலும், சங்கம் என்றவுடன் விமானம் வாங்கவேண்டும் என்பதில்லை. மூங்கிலும் இலேசான மரமும் தாளும் கொண்டு இயந்திரமில்லாச் சிறு மாதிரிகளைச் செய்து பறக்கவிடுதலே தொடக்கமாகும். இறகின் வளைவு எவ்வாறு கலத்தைத் தாங்குகின்றது, எடை முன்னோ பின்னோ மிகுந்தால் என்ன நேரும் என்பவற்றை அச்சிறு மாதிரியே தெளிவாகக் கற்பிக்கும். அது வீழ்ந்தால் உடைவது மூங்கில், உயிரன்று.

ஆபத்தான கலை என்பர் இரண்டாவதாக. ஆபத்து உண்டென்பதை யாம் மறைத்தோமில்லை. அதனைக் குறைக்கும் வழி சங்கமென்பதே எம் கட்சி. சட்டம் இடந்தாராது என்பர் மூன்றாவதாக. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் கடுமையானவையே. ஆனால் அவை கதவை அடைக்கவில்லை. மாணவ விமானி உரிமத்தை 16 வயதிலும், தனிவிமானி உரிமத்தை 17 வயதிலும் பெற இடமுண்டு. அமோல் யாதவ் பல ஆண்டுகள் தனித்து அலுவலகந்தோறும் ஏறியிறங்கிய வழியைச் சங்கம் ஒன்று கூடிச் சென்றால், பின்வருவோர்க்கு அது சாலையாகும்.

இதனாற் சோறு கிடைக்குமோ என்று நான்காவதாகக் கேட்பர். நமக்கு அண்மையிலுள்ள இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் வரலாறே அதற்கு விடை. இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியிலும் பயின்ற அப்துல் கலாம், சி. இராஜம் என்னும் வள்ளல் 1949ஆம் ஆண்டு குரோம்பேட்டையில் நிறுவிய தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்தார். அங்குப் பயன்பாட்டினின்று நீக்கப்பட்ட விமானங்கள் இரண்டு காட்சிக்கு நிறுத்தப்பெற்றிருந்தன. அவற்றை நெடுநேரம் நோக்கி நின்றதே தம்மை வானூர்திப் பொறியியற்கு ஈர்த்ததென்று அவரே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். பழைய விமானம் இரண்டு ஓர் இளைஞரை இத்துணை உயர்த்தக்கூடுமாயின், உயிருள்ள சங்கமொன்று எத்துணைப் பேரை உயர்த்தாது?

நம் மதுரைக்கு இதற்குரிய தகுதி உண்டோவெனின், நிரம்ப உண்டு. நகரின் தெற்கே அவனியாபுரத்தை அடுத்த விமானத்தளம் 1942ஆம் ஆண்டு உலகப் போரில் ஆங்கில விமானப்படையினராற் பயன்படுத்தப்பெற்றது. இன்று அது பயணிகள் விமான நிலையமாய் ஓங்கி நிற்கின்றது. அங்கு நம்மனோர் விளையாடுதல் இயலாது, இயலவும் கூடாது. ஆயின் கிழக்கே காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டில் அப்போர்க்காலத்து ஓடுதளம் உளது. அரசினரின் இசைவு பெற்று அத்தகைய இடங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த முயலலாம். வைகைக்கரை முதல் மேலூர், திருமங்கலம் வரையில் பரந்த சமவெளி நம்முடையது. பங்குனி, சித்திரை மாதங்களின் நண்பகலில் யானைமலைக்கு மேலே பருந்துகள் இறகை அசையாது வட்டமிட்டு உயர்வதைக் காணாதார் யார்? வெயிலாற் சூடேறிய நிலமும் பாறையும் காற்றை வெப்பமாக்க, அக்காற்று மேலெழுகின்றது. பருந்து அதிலேறிச் செல்கின்றது. இயந்திரமில்லாச் சறுக்கு விமானங்கள் உயர்வதும் இம்முறையாலேதான். நம்மை வாட்டும் வெயிலே பருந்திற்கு ஏணியாகின்றது, நமக்கும் ஆகலாம்.

இடத்தினும் சிறந்தது ஆட்திறம். கடைசற் பட்டறையிலும், பற்றவைக்கும் கொட்டகையிலும், மோட்டார் பழுதுபார்க்குங் கடையிலும் நாள்தோறும் கரிபடிந்த கையுடன் உழைக்கும் நம்மூர் இளைஞர், ஒரு மயிரிழை வேறுபாட்டையும் விரலால் தடவியே அறியும் ஆற்றலுடையார். அவரை நம் கல்லூரி வாயிலுக்குள் அழைத்தவர் யார்? பௌதிகம் கற்றவன் சூத்திரத்தை அறிவான். ஆணியை முடுக்க அறியான். ஆணியை முடுக்குவோன் சூத்திரத்தை அறியான். இருவருக்கும் இடையே ஒரு தெருவே உளது. ஆயினும் கடலைக் கடத்தலினும் அதனைக் கடத்தல் நமக்கு அரிதாயிருக்கின்றது. வானூர்திச் சங்கத்தால் வேறொரு பயனும் விளையாதெனினும், அத்தெருவினை நாம் கடப்போமாயின் அதுவே போதும்.

தமிழ் மாணாக்கருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் எம்மைக் கேட்கின்றனர். அவர்க்கு ஒன்று கூறுவோம். வானூர்தி கட்டும் முறையையும், அதனினும் சிறப்பாக அதன் அபாயங்களையும் விளக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பட்டறை இளைஞனோ தமிழிலேயே எண்ணுகின்றான். ‘இவ்வேகத்திற்குக் கீழே சென்றால் இறகின் தாங்குதிறன் அற்றுக் கலம் வீழும்’ என்பதை அவன் விளங்கும் மொழியில் எழுதிவைத்தல் உயிர்காக்கும் தொண்டன்றோ? ஏற்றம், இழுவை, உந்தல், எடை என்னும் நான்கு சொற்களைக்கொண்டே பறத்தலின் அடிப்படையை எந்தத் தமிழனுக்கும் உணர்த்தலாம். பட்டறையில் வழங்கும் சொற்களைப் பட்டறைக்காரரிடமே கேட்டுத் தொகுத்து, இல்லாதவற்றுக்கு மட்டும் புதியன ஆக்கித் தருவது தமிழ் கற்றோர் கடமை.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, வரும் ஆண்டில் நம் கல்லூரியில் பௌதிக மாணாக்கரும் தமிழ் மாணாக்கரும் கூடிய ஒரு வானூர்திக் கழகம் அமைதல் வேண்டும். நகரத்துப் பட்டறை இளைஞர்க்கு அதிற் சம உறுப்பினராகச் சேரும் உரிமை வேண்டும். இரண்டாவது, விமான நிலையத்தினின்று விலகிய வெளியில், உரிய அநுமதியோடு, மாதமொருமுறை மாதிரி வானூர்திகளைப் பறக்கவிட்டு, வீழ்ந்தவை ஏன் வீழ்ந்தன என்பதைத் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். மூன்றாவது, விமானத் துறையில் பணியாற்றும் நம் பழைய மாணாக்கர் ஆண்டிற்கு ஒருநாளேனும் வந்து, பணமன்று, தம் கண்ணையும் கையையும் ஈதல் வேண்டும். முதற்படி ஏறிய பின்னரே அடுத்த படி. ஒரு தலைமுறையில் மதுரைப் பட்டறையில் மதுரையார் கட்டிய சிறு கலமொன்று, சட்டத்தின் இசைவோடும் தோழர்தம் கையொப்பத்தோடும் நம் வெளியின்மேல் எழுமாயின், அது நம் ஆசைக்குப் பெரும்பயனாகும்.

அன்று அக்கலத்தின் பக்கத்திற் பெயர்கள் பொறிக்கப்பெறும். பொருள் கொடுத்தோர் பெயரும் இருக்கட்டும். வலவன் பெயரும் இருக்கட்டும். ஆயின், அதன் இறகை இழைத்த தச்சன் பெயரும், ஆணியை முடுக்கிய தொழிலாளி பெயரும் அவற்றோடொப்ப ஒரே அளவினவாய் எழுதப்பெறுதல் வேண்டும். சிந்தாமணித் தச்சனுக்கு நாம் செலுத்தாது விட்ட கடன் அவ்வாறேனும் தீர்வதாக.